எவரெஸ்ட் மலைக்காட்சி விமானத்தைத் தேர்ந்தெடுப்பது: 2011 காத்மாண்டு விபத்தை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த புத்தா ஏர் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900டி விமானம், காலை ஏழரை மணி அளவில் காத்மாண்டுவில் தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, லலித்பூர் மாவட்டத்தின் கோட்டண்டா மலைச்சரிவில் மோதி நொறுங்கியது. 16 பயணிகள், 3 பணியாளர்கள் என 19 பேரும் இறந்தார்கள். பயணிகளில் 10 பேர் இந்தியர்கள். அவர்களில் 8 பேர் திருச்சியைச் சேர்ந்த கட்டுமானத் துறையினர்.

இமயமலையை விமானத்திலிருந்து பார்க்கும் ஒரு மணி நேரப் பயணத்தை நேபாளத்தில் ‘மவுண்டன் ஃப்ளைட்’ என்பார்கள். காத்மாண்டு செல்லும் தமிழ்நாட்டுக் குழுக்களின் திட்டத்தில் பசுபதிநாதர், முக்திநாத் ஆகியவற்றோடு இதுவும் பெரும்பாலும் இருக்கிறது. டிக்கெட் வாங்குகிறவர் வழக்கமாகக் கேட்பது இரண்டுதான்: கட்டணம் எவ்வளவு, ஜன்னலோர இருக்கை கிடைக்குமா. 2011 விபத்தைக் கூர்ந்து பார்த்தால், இந்த இரண்டுக்கும் முன்பாக முடிவு செய்ய வேண்டியவை வேறு என்பது தெரியும். எந்த மாதம் போகிறோம், பயணத் திட்டத்தில் எந்த நாளில் வைக்கிறோம், விமானம் ரத்தானால் நமக்கு என்ன இழப்பு என்பவையே அவை. ரத்தானாலும் பாதிக்காதபடி திட்டமிட்டவர்தான் இந்தப் பயணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு.

கடைசிச் சில நிமிடங்களில் நடந்தது

விமானம் கண்பார்வை விதிப்படி தரையிறங்க வந்துகொண்டிருந்தது. அதாவது, விமானி வெளியே பார்த்து, தரையையும் மலையையும் கண்ணால் கண்டு ஓட்ட வேண்டும். மேகம் குறுக்கிட்டால் அதற்குள் நுழையக் கூடாது. விலக வேண்டும், அல்லது மேலேற வேண்டும். அன்று பள்ளத்தாக்கின் தெற்குப் பகுதியில் தாழ்வான மழைமேகம் படர்ந்திருந்தது. அந்தப் பகுதியில் 6,000 அடியில் பறக்க வேண்டிய விமானம் 5,000 அடியில் வந்தது, மேகத்துக்குள் நுழைந்தது, அதற்குள்ளேயே மேலும் இறங்கி மலையில் மோதியது. தலைமை விமானி போதிய ஓய்வின்றிப் பணிக்கு வந்திருந்ததையும், அனுபவம் குறைந்த துணை விமானியின் கையில் கட்டுப்பாடு இருந்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது.

ஆயிரம் அடிதானே என்று தோன்றலாம். காத்மாண்டு திரிபுவன் விமான நிலையமே கடல்மட்டத்திலிருந்து 4,390 அடி உயரத்தில், அதாவது 1,338 மீட்டரில் இருக்கிறது. 6,000 அடியில் வரும் விமானம் ஓடுதளத்தைவிட 1,600 அடி மேலே இருக்கும். 5,000 அடியில் வந்தால் அந்த இடைவெளி 600 அடிதான். பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலைகளோ அதைவிட எவ்வளவோ உயரம்: வடக்கே சிவபுரி, தெற்கே புல்சோக்கி, இரண்டுமே 2,700 மீட்டரைத் தாண்டியவை. மேகத்துக்குள் 600 அடி இடைவெளியில் பறப்பவருக்குத் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

தாழ்வாக இறங்கிவிடுவது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய ஆபத்து. 1992 செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 இதே காத்மாண்டுவுக்குத் தெற்கிலிருந்து வந்து மலையில் மோதியது. 167 பேர் இறந்தார்கள். தெற்கிலிருந்து வரும் பாதையில் குறிப்பிட்ட தூரங்களில் குறிப்பிட்ட உயரம் என்று படிப்படியாக இறங்க வேண்டும். அந்த விமானம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படி முன்னதாகவே இறங்கிக்கொண்டு வந்தது. இரண்டு விபத்துகளுக்கும் இடையே 19 ஆண்டுகள். விமான வகை வேறு, பயண நோக்கம் வேறு. மாதமும் மேகமும் ஒன்றுதான்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நேபாளத்தில் பருவமழை ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ விலகுகிறது. விலகும் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில் பெய்த பெருமழையில் காத்மாண்டு பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது, நாடு முழுவதும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள், உள்நாட்டு விமானங்கள் நின்றன. செப்டம்பர் 25 என்பது நாட்காட்டியில் சுற்றுலாப் பருவத்தின் தொடக்கம் போலத் தெரியும். வானத்தில் அது பல ஆண்டுகளில் மழைக்காலத்தின் வால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் குடும்பங்களுக்கு இங்கே ஒரு குறிப்பான சிக்கல் இருக்கிறது. பள்ளி விடுமுறை விழும் மூன்று காலங்களும் மலைக்காட்சிக்கு ஏதோ ஒரு வகையில் இடைஞ்சலானவை.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் வருகிறது. மழை விலகிவிட்டால் வருடத்திலேயே துல்லியமான காற்று அப்போதுதான்; தூசியை மழை கழுவி முடித்திருக்கும். விலகாவிட்டால் காலை முழுவதும் மேகம். இந்த விடுமுறையில் போகிறவர்கள் மலைக்காட்சி விமானத்தை உறுதியான நிகழ்ச்சியாக எண்ணக் கூடாது. கிடைத்தால் பார்ப்போம் என்ற இடத்தில் வைக்க வேண்டும்.

அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசி வாரத்தில் மலைகள் பளிச்சென்று இருக்கும். சிக்கல் தரையில்தான். குளிர்காலக் காலைகளில் காத்மாண்டு பள்ளத்தாக்கில் மூடுபனி தேங்கும். ஓடுதளத்தில் பார்வைத் தூரம் போதாமல் முதல் சுற்று விமானங்கள் 9 மணி, 10 மணி வரைகூடத் தள்ளிப்போகும். இது ஆபத்தைவிடக் காத்திருப்புப் பிரச்சினை. பனி கலைந்ததும் பெரும்பாலும் விமானம் போய்விடும், காட்சியும் அருமையாகக் கிடைக்கும். அன்றே மதியம் டெல்லிக்கோ போக்ராவுக்கோ விமானம் போட்டு வைத்திருப்பவருக்குத்தான் நெருக்கடி.

கோடை விடுமுறையில் ஏப்ரல் முழுவதும் காட்டுத்தீப் புகையும் தூசியும் கலந்த மங்கல் இருக்கும். ஆனால் மலைக்காட்சி விமானம் அந்த மங்கல் படலத்துக்கு மேலே பறப்பதால், தரையிலிருந்து ஒன்றுமே தெரியாத நாளிலும் மேலே சிகரங்கள் தெரியக்கூடும். மே மாதத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை ஆறரை மணிப் பறப்புக்கு அது பெரும்பாலும் குறுக்கே வராது. மே முதல் பாதி பரவாயில்லை. மாதம் முடிய முடிய மேகம் கூடும்.

இவற்றைவிடச் சிறந்தது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய உள்ள காலம். தீபாவளியை ஒட்டி இரண்டு நாள் விடுப்புச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அப்போதும் வங்கக் கடலைக் கவனிக்க வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் எச்சம்தான் இரண்டு நாளில் நேபாளம் வரை சென்று அன்னபூர்ணா பகுதியில் கடும் பனிப்புயலாகக் கொட்டி, 40 பேருக்கு மேல் உயிரைப் பறித்தது. ஆந்திர, ஒடிசா கரையை நோக்கிப் புயல் வருகிறது என்று செய்தி வந்தால், அடுத்த மூன்று நான்கு நாட்களுக்கு இமயமலைப் பறப்பைத் தள்ளிவையுங்கள்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பதிவு செய்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கட்டணத் தள்ளுபடி தருவார்கள். மேகத்துக்கு மேலே ஏறிவிட்டால் சிகரம் தெரியும் என்பார்கள், அது சில நாட்களில் உண்மையும்கூட. ஆனால் ஏறிய விமானம் அதே மேகத்தின் வழியாகத்தான் இறங்க வேண்டும். 2011இல் பயணிகளைக் கொன்றது எவரெஸ்ட் பக்கத்து வானிலை அல்ல, வீடு திரும்பும் வழியிலிருந்த மேகம்.

திட்டத்தில் எந்த நாள்

பயண முகவர்கள் தரும் திட்டங்களில் மலைக்காட்சி விமானம் பெரும்பாலும் கடைசி நாள் காலையில் இருக்கும்: எட்டரைக்குத் திரும்பி, சாப்பிட்டு, அறையைக் காலி செய்து, மதியம் ஊருக்கு விமானம். முகவருக்கு வசதியான இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் மோசமானது. அன்று ரத்தானால் வேறு நாளே இல்லை. ‘எப்படியாவது இன்றே போய்விட வேண்டும்’ என்ற அவசரம் குழுவுக்குள் பிறக்கிறது, குழுத் தலைவர் முகவரை நெருக்குகிறார், முகவர் நிறுவனத்தை நெருக்குகிறார். எந்த விமானியும் பயணிகளின் கெஞ்சலுக்காக மட்டும் மேகத்துக்குள் நுழைவதில்லை. ஆனால் புறப்பாடு, தாமதம், ரத்து ஆகிய முடிவுகள் எல்லாமே பணமும் நேரமும் அழுத்தும் சூழலில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த அழுத்தத்தில் நம் பங்கைக் குறைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

எனவே காத்மாண்டு வந்திறங்கிய மறுநாள் காலையிலேயே மலைக்காட்சியை வையுங்கள். அது தவறினால் அடுத்த நாள், அதுவும் தவறினால் முக்திநாத் போய்த் திரும்பிய பிறகு என்று மூன்று வாய்ப்புகள் கிடைக்கும். மூன்று இரவு காத்மாண்டுவில் தங்கும் குழுவுக்கு நல்ல பருவத்தில் இது பெரும்பாலும் போதும்.

முக்திநாத் யாத்திரை செல்வோருக்கு ஒரு வார்த்தை. திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலமாக வைணவர்கள் கொண்டாடும் அந்தத் தலத்துக்கு போக்ராவிலிருந்து ஜோம்சோம் வரை சிறிய விமானத்தில் போவார்கள். 2022 மே 29 அன்று அந்தத் தடத்தில் சென்ற ட்வின் ஆட்டர் மலையில் மோதி 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் இந்தியர்கள். ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும் என்பதால் விமானங்கள் காலையிலேயே ஓடி முடிகின்றன. இங்கேயும் உபரி நாள்தான் பாதுகாப்பு. சாலை வழி இருக்கிறது. கரடுமுரடு, நேரமும் அதிகம். ஆனால் விமானம் ரத்தான நாளில் ‘இனி என்ன செய்வது’ என்ற பதற்றம் எழாமல் இருக்க, அந்த மாற்று வழிக்கான ஜீப்பை முன்பே பேசி வையுங்கள்.

முதல் சுற்று

மலைக்காட்சி விமானங்கள் காலை ஆறரை மணி வாக்கில் தொடங்கி ஒன்பது மணி வரை ஓடும். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து எழும் ஈரக்காற்று சிகரங்களைச் சுற்றி மேகமாகத் திரளும். காற்றின் குலுக்கலும் கூடும். ஒரே ஓடுதளம் கொண்ட காத்மாண்டுவில் நேரம் ஏற ஏற வெளிநாட்டு விமானங்களும் சேர்ந்துகொள்ள, வானில் வட்டமடித்துக் காத்திருக்க நேரும். ஆகவே அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் சுற்றையே கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் மட்டும் இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்று புத்திசாலித்தனம். முதல் சுற்றுக்காரர்கள் மூடுபனியில் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் விடுதியில் தூங்கலாம்.

விமானமும் நிறுவனமும்

இன்று இந்தப் பயணத்துக்கு அதிகம் பயன்படுவது ஏ.டி.ஆர் 72 வகை. இரட்டை இயந்திரம், உந்துவிசிறி, சுமார் 70 இருக்கைகள். மலைக்காட்சிக்கு ஜன்னலோரங்களை மட்டும் விற்பார்கள். 2011இல் விழுந்த பீச்கிராஃப்ட் 1900டி சிறியது, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கைகள் கொண்டது. விபத்துக்குக் காரணம் அதன் சிறிய உருவம் அல்ல. இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ‘பெரிய விமானத்தில் போங்கள், பயமில்லை’ என்ற ஆறுதல் காத்மாண்டு முகவர் அலுவலகங்களில் தாராளமாகக் கிடைக்கிறது. 2023 ஜனவரி 15 அன்று போக்ராவில் தரையிறங்கவிருந்த ஏ.டி.ஆர் 72 விழுந்து 72 பேரும் இறந்தார்கள். வானம் தெளிவாக இருந்த நாள் அது. இறக்கைப் பட்டைகளை இயக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக உந்துவிசிறிகளின் நெம்புகோல்கள் இழுக்கப்பட்டதால் இரு விசிறிகளும் உந்துவிசை இழந்ததே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. நல்ல மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் வானிலை ஆபத்து குறையும். மனிதத் தவறின் ஆபத்து குறையாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் நேபாளத்தில் உரிமம் பெற்ற எல்லா விமான நிறுவனங்களையும் தன் தடைப் பட்டியலில் சேர்த்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ 2013இல் சுட்டிய கடும் பாதுகாப்புக் குறையை 2017இல் நீக்கியது. ஐரோப்பியத் தடை அதற்குப் பின்னும் தொடர்ந்தது. சேவை வழங்குவதும் கண்காணிப்பதும் நேபாள விமான ஆணையம் என்ற ஒரே அமைப்பின் கையில் இருப்பது நீண்டகால விமர்சனம். தடை தனி நிறுவனத்தின் மீதல்ல, நாட்டின் கண்காணிப்பு முறையின் மீது. ஆகவே ‘எங்கள் நிறுவனம் மட்டும் அந்தத் தடையில் இல்லை’ என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்தப் பின்னணி தெரிந்த பிறகும் போகலாமா என்பது அவரவர் முடிவு. குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிவிட்டுச் சம்மதம் கேட்பது ஏற்பாட்டாளரின் கடமை. வர விரும்பாத ஒருவரைக் கேலி பேசி ஏற்றிச் செல்லாதீர்கள்.

பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை சில. எந்த வகை விமானம், கடைசி நேரத்தில் வேறு வகைக்கு மாற்றுவார்களா? ஜன்னலோரம் உறுதி என்று டிக்கெட்டிலேயே எழுதியிருக்கிறதா? புறப்படாமலேயே ரத்தானால் முழுத் தொகை திரும்புமா, மறுநாள் இடம் தருவார்களா? புறப்பட்டு, மலை தெரியாமல் பாதியில் திரும்பினால் என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள், தகராறு வருவது இங்கேதான். பாதியில் திரும்பினால் பணம் திரும்பும் அல்லது மீண்டும் ஏற்றிச் செல்வோம் என்று விதி வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. திரும்பிவர முடிவெடுக்கும் விமானிக்கு அந்த விதி ஒரு தடையை நீக்குகிறது.

‘எவரெஸ்ட்டுக்கு மேலே’ என்ற விளம்பரம்

எவரெஸ்ட்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் கூட்டாக அறிவித்தன. அடியில் 29,032. ஏ.டி.ஆர் 72, பீச்கிராஃப்ட் 1900டி இரண்டுக்குமே அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் 25,000 அடிதான். அதாவது விமானம் சிகரத்தைவிட 4,000 அடி தாழ்வாக, மலைத்தொடருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும். நீங்கள் எவரெஸ்ட்டைப் பக்கவாட்டில், கொஞ்சம் அண்ணாந்து பார்ப்பீர்கள். மேலிருந்து பார்க்கலாம் என்று எந்த முகவர் எழுதியிருந்தாலும் அவருக்குத் தான் விற்கும் பொருளே தெரியாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காத்மாண்டுவிலிருந்து எவரெஸ்ட் நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். கிழக்கே போகும்போது மலைகள் இடப்பக்கம்; திரும்பி வரும்போது வலப்பக்கம். ஆகவே இரு பக்கத்தாருக்கும் காட்சி உண்டு. இடப்பக்கத்தவர் முதலில் பார்ப்பார்கள், அவ்வளவே. மலைகள் வடக்கில், காலைச் சூரியன் தென்கிழக்கில் என்பதால் ஒளி நமக்குப் பின்னாலிருந்து பனிமுகங்களின் மேல் விழும். கூசாது. ஏ.டி.ஆரில் இறக்கை கூரைமட்டத்தில் இருப்பதால் அது மறைக்காது; ஆனால் இயந்திரமும் விசிறியும் முன்பாதி வரிசைகளில் சிலவற்றின் பார்வையில் குறுக்கிடும். பின்வரிசைகளைக் கேளுங்கள். ஏறும் வாசலும் பின்னால்தான் என்பதால் முதலில் இறங்கவும் முடியும்.

சிகரங்கள் வரும் வரிசையைத் தெரிந்துவைத்தால் அந்த ஐம்பது நிமிடம் வீணாகாது. முதலில் லாங்டாங் கூட்டம், அதன் பின்னால் திபெத்தில் நிற்கும் 8,027 மீட்டர் சிஷாபங்மா. பிறகு தோர்ஜே லக்பா. இரட்டை உச்சியோடு தனித்து நிற்பது கௌரிசங்கர், 7,134 மீட்டர். அதைத் தாண்டி அகன்ற வெள்ளைத் தோளோடு சோ ஓயு. எவரெஸ்ட் வரும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பளீரென்ற வெண்சிகரத்தைத் தேடாதீர்கள். நுப்ட்சே, லோட்சே இரண்டையும் இணைக்கும் நீண்ட பனிச்சுவருக்குப் பின்னால் கறுத்த முக்கோணமாக எட்டிப்பார்ப்பதே எவரெஸ்ட். உச்சியில் வீசும் கடுங்காற்று பனியை அடித்துச் சென்றுவிடுவதால் பாறை வெளியே தெரிகிறது. பல நாட்களில் உச்சியிலிருந்து கிழக்குப் பக்கமாக வெண்புகை போன்ற பனித்தூசி நீளும். அடையாளம் காண அதுவே எளிது. முன்னால் தாழ்வாக, கழுத்தணி போட்டாற்போல் நிற்கும் அழகிய சிகரம் அமா தப்லம், 6,812 மீட்டர். அதைத்தான் பலர் எவரெஸ்ட் என்று படம்பிடித்து வருகிறார்கள். இன்னும் கிழக்கே நான்முகக் கூம்பாகத் தெரிவது மகாலு.

படம் எடுப்பவர்கள் போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். விமான ஜன்னலின் அக்ரிலிக் பலகையோடு சேர்ந்து அது வானவில் கறைகளை உண்டாக்கும். அடர்நிறச் சட்டை அணிந்தால் கண்ணாடியில் நம் பிரதிபலிப்புக் குறையும். லென்ஸை ஜன்னலோடு ஒட்ட வைத்தால் விமானத்தின் அதிர்வு படத்தில் இறங்கும். விரலளவு இடைவெளி விடுங்கள். ஃப்ளாஷ் அணைந்திருக்கட்டும்.

ஹெலிகாப்டர் எனும் மாற்று

எவரெஸ்ட் அடிவாரம் வரை சென்று தரையிறங்கும் ஹெலிகாப்டர் பயணம் பல மடங்கு விலை. ஐந்து பேர் ஏறுவார்கள். லுக்லாவில் எரிபொருள் நிரப்பி, 5,500 மீட்டருக்கு மேலுள்ள காலாபத்தரில் சில நிமிடம் இறக்கி, 3,880 மீட்டரில் உள்ள ஒரு விடுதியில் சிற்றுண்டி தந்து திரும்பக் கூட்டிவருவார்கள். மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரின் தூக்குதிறன் குறைவதால் ஐவரையும் ஒரே நடையில் மேலே கொண்டுபோக முடியாது. ஃபெரிச்சே போன்ற இடத்தில் இறக்கி, இரண்டு மூன்று பேராகப் பிரித்து ஏற்றுவார்கள். அதனால்தான் பயணிகளை எடை பார்க்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொல்வது எல்லோர் உயிரோடும் விளையாடுவது.

உடல்நிலை பற்றிய வேறுபாடு பெரியது. ஏ.டி.ஆரின் உள்ளறை அழுத்தம் சீரமைக்கப்பட்டது. வழக்கமான விமானப் பயணம் செய்யக்கூடிய மூத்தவர்கள் இதிலும் போகலாம். ஹெலிகாப்டரில் அந்த ஏற்பாடு இல்லை. 1,338 மீட்டரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 5,500 மீட்டருக்கு ஏறும்போது, கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். இதயநோய், நுரையீரல்நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே கூடாது. எழுபது வயதுப் பெற்றோருக்கு எவரெஸ்ட்டைக் காட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு எங்கள் பதில் தயக்கமின்றி விமானம்தான்.

ஹெலிகாப்டருக்கும் பருவம் பொருந்தும். 2023 ஜூலை 11 அன்று, நட்ட நடு மழைக்காலத்தில், எவரெஸ்ட் பகுதியிலிருந்து காத்மாண்டு திரும்பிய ஹெலிகாப்டர் விழுந்து 5 மெக்சிகோ சுற்றுலாப் பயணிகளும் விமானியும் இறந்தார்கள். அதன் பிறகு நேபாள விமான ஆணையம் அந்த மழைக்காலம் முடியும் வரை, சுற்றிக்காட்டும் பறப்பு போன்ற அவசியமற்ற ஹெலிகாப்டர் பயணங்களை நிறுத்தியது.

பதிவும் ஆவணமும் காப்பீடும்

நேபாளி, இந்தியர், பிற வெளிநாட்டவர் என மூன்று வகைக் கட்டணம் உண்டு. இந்தியர் கட்டணம் வெளிநாட்டவர் கட்டணத்தைவிடக் குறைவு. இணையத்தில் டாலர் விலையைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். இந்தியர் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இந்தியர் என்பதைக் காட்ட, நேபாளத்துக்கு விமானத்தில் செல்ல இந்தியர்களுக்கு ஏற்கப்படும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையைக் காலையில் கையில் வைத்திருங்கள். ஆதார் அட்டையை நம்பிப் போகாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். கலந்த குழுவானால் இதை முன்பே கணக்கிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள். உரிமம் பெற்ற விமானத்தில் கட்டணப் பயணியாகச் செல்வது காப்பில் வருகிறதா, சுற்றிக்காட்டும் பறப்புக்கு விலக்கு உண்டா, ஹெலிகாப்டர் என்றால் எத்தனை மீட்டர் உயரம் வரை. பல திட்டங்களில் உயர வரம்பு பொடி எழுத்தில் இருக்கும். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் கேட்ட உறுதி பின்னால் உதவாது.

அன்று காலை

விடுதியை விட்டுக் கிளம்பும் முன் காத்மாண்டு விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையை, அதாவது விமானிகளுக்கான வானிலை அறிக்கையை, பாருங்கள். பார்வைத் தூரமும் மேகத்தின் அடிமட்டமும் அதில் இருக்கும், கைபேசியிலேயே கிடைக்கும். தாழ்ந்த அடுக்கு மேகம் என்றால் தாமதத்தை எதிர்பாருங்கள். மலைப்பக்கம் தெரியுமா என்பதை அது சொல்லாது. அதை முதல் சுற்றில் போய்த் திரும்பிய விமானிகள் தரும் தகவலை வைத்து நிறுவனம் முடிவு செய்யும். கவுன்ட்டரில் ‘முதல் சுற்றுக்கு மலை தெரிந்ததா’ என்று நேராகக் கேட்டால் பொதுவாகப் பதில் சொல்வார்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள், நிறையவும் சாப்பிடாதீர்கள். வாந்தி மாத்திரை தேவைப்படுவோர் அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். உள்நாட்டு முனையத்தில் பவர்பேங்கைக் கைப்பையில் வைத்திருங்கள்.

ஒன்பதரை தாண்டியும் அழைப்பு வராவிட்டால், டிசம்பர் மூடுபனி நாளைத் தவிர மற்ற நாட்களில், காத்திருப்பதில் பலன் குறைவு. அதற்குள் மலைகளின் மேல் மேகம் திரளத் தொடங்கியிருக்கும். விமானம் போனாலும் பாதிக் காட்சிதான். மறுநாள் முதல் சுற்றில் இடம் கேட்டு, புதிய தேதியை டிக்கெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பசுபதிநாதர் கோயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மறுநாளைக்கு வைத்திருந்த தரிசனத்தை அன்றே முடித்துவிடலாம்.